விழுந்த சர்க்கிளிப்பை எடுத்தல்: சென்னைப் புல்லட் பட்டறைகளின் ஒரு கைத்திறன்

மோட்டார் சைக்கிள் எஞ்சினில் வேலை நடக்கும்போது கைதவறி உள்ளே விழுந்துவிட்ட சிறு உறுப்பை, எஞ்சினை முழுவதும் பிரிக்காமலேயே வெளியே எடுப்பது பழுதுபார்ப்புத் தொழிலின் தனித் திறன்களில் ஒன்றாகும். எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும் என்று உற்பத்தியாளர்களின் பணிக் கையேடுகள் எச்சரிப்பது வழக்கம். துணி விலகி, உறுப்பு விழுந்த பிறகு செய்ய வேண்டியதைப் பட்டறைகள்தாம் தம் கையனுபவத்தில் கண்டறிந்தன. அந்த அறிவு பெரும்பாலும் எழுத்தில் ஏறவில்லை. எனினும் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. எஞ்சினின் உடலமைப்பும், அந்தந்தக் காலத்தில் பட்டறைக்குக் கிடைத்த பொருள்களுமே அதை வடிவமைத்தன. ஒரே வகை எஞ்சின் அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய மாற்றமின்றித் தயாரிக்கப்பட்ட சென்னையில் அவ்வரலாற்றைத் தெளிவாகக் காண முடிகிறது.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் 350 சி.சி. புல்லட் வண்டிகளை 1950களின் முற்பகுதியில் இந்திய ராணுவம் 800 என்ற எண்ணிக்கையில் வாங்கியது. அதைத் தொடர்ந்து 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகள் பூட்டப்பட்டன, 1960களின் தொடக்கத்துக்குள் எல்லா உறுப்புகளும் இங்கேயே தயாராகத் தொடங்கின. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூரில் அதே எஞ்சின் வார்க்கப்பட்டுக்கொண்டே இருந்தது. தந்தை பழுதுபார்த்த எஞ்சினையே மகனும் பழுதுபார்க்கும் நிலை இதனால் உண்டாயிற்று. வாகன மாதிரிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும் தொழிலில் இப்படியொரு நீட்சி மிக அரிது; புல்லட் மெக்கானிக்குகளின் அறிவு அவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு இதுவே முதற்காரணம்.

இரும்பு எஞ்சின் என்று பட்டறைகளில் அழைக்கப்படும் அந்தப் பழைய எஞ்சினின் சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. அதன் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மில்லிமீட்டர். சிலிண்டருக்குக் கீழே, இரண்டு பாதிகளாக வார்த்துச் சேர்க்கப்பட்ட அலுமினியக் கலவைப் பெட்டிக்குக் கிராங்க் கேஸ் என்று பெயர். கனத்த இரண்டு ஃப்ளைவீல் சக்கரங்கள் அதற்குள் சுழல்கின்றன, அவற்றுக்கிடையே பிடிக்கப்பட்ட கனெக்டிங் ராடு மேலே பிஸ்டனைத் தாங்குகிறது. சிலிண்டரை மேலே உருவி எடுத்தவுடன் கிராங்க் கேஸின் வட்ட வாய் வானத்தைப் பார்த்துத் திறந்துகொள்கிறது, கனெக்டிங் ராடு அதன் நடுவே நிற்கிறது. எஞ்சினுக்குள் உறுப்புகள் விழுவதற்கான வழிகளுள் மிகவும் அஞ்சப்பட்டது இந்த வாய்தான். வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களைத் தள்ளும் புஷ் ராடுகள் செல்லும் சுரங்கம் சிலிண்டரின் வலப்புறத்தில் அதே வார்ப்பிலேயே அமைந்திருப்பதால், மேலே ராக்கர் வேலை நடக்கும்போது நழுவும் நட்டும் வாஷரும் அதன் வழியாகவும் இறங்கலாம். ஆனால் அவை பெரும்பாலும் சுரங்கத்தின் அடியிலுள்ள டேப்பெட் அறையில் தங்கிவிடும், பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் கைக்கு எட்டிவிடும்.

கிராங்க் கேஸின் வாய்க்குள் அதிகம் விழுவது சர்க்கிளிப். வில்தன்மையுள்ள எஃகுக் கம்பியை முழு வட்டமாக மூடாமல் வளைத்த சிறு வளையமே சர்க்கிளிப். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் பிஸ்டன் பின் பக்கவாட்டில் நகர்ந்து சிலிண்டர் சுவரைக் கீறிவிடாதபடி, பின்னின் இரு முனைகளுக்கும் வெளியே பிஸ்டனில் வெட்டிய பள்ளத்தில் அது உட்காருகிறது. அதை நோஸ் பிளையரால் நெருக்கிப் பிடித்துப் பள்ளத்தில் நுழைக்கும்போது பிடி சற்றே வழுவினாலும், அடக்கி வைத்திருந்த வில்விசை விடுபட்டு வளையம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் தெறித்துவிடும். அது எங்கே போயிற்று என்பதை முதலில் சொல்வது காதுதான். சிமென்ட் தரையில் விழுந்த ஓசை ஒரு வகை, அலுமினியத்தில் பட்டு உள்ளிறங்கிய ஓசை வேறு வகை. பழகிய மெக்கானிக் வேலையை அப்படியே நிறுத்தி, கையை அசைக்காமல், பக்கத்தில் நிற்கும் பையனைத் தரையைப் பெருக்கித் தேடச் சொல்வதும் அதனால்தான்.

கழற்றிய சர்க்கிளிப்பை மீண்டும் மாட்டாமல் புதியதைப் போடுவதே வழக்கம், அதன் விலையும் மிக அற்பம். ஆகவே தேடப்படுவது அந்த வளையத்தின் பண மதிப்புக்காக அன்று. அது உள்ளே இல்லை என்ற உறுதி கிடைக்காமல் எஞ்சினை மூட முடியாது. இந்த உறுதியைப் பெறும் பொறுமையே நல்ல பட்டறையையும் மோசமான பட்டறையையும் பிரித்துக் காட்டிய அளவுகோல் எனலாம். தேடல் முடியும்வரை ஃப்ளைவீல்களைத் தாங்கிய கிராங்க்கைச் சுழற்றக்கூடாது என்பது முதல் விதி. ஃப்ளைவீலுக்கும் கிராங்க் கேஸ் சுவருக்கும் உள்ள இடைவெளி குறுகியது. சக்கரம் சற்றுத் திரும்பினால் வளையம் அதில் சிக்கி மென்மையான அலுமினியத்தைக் குடைந்துவிடும், அல்லது தானே இரண்டாக முறிந்து, ஒன்றைத் தேடிய இடத்தில் இரண்டைத் தேடும் நிலையை உண்டாக்கும்.

மீட்பின் முதற்கருவி காந்தம். காந்தவியலின் வரலாறும் பட்டறையின் வரலாறும் இங்கே ஒன்றையொன்று தொடுகின்றன. ஜப்பானியர் டோகுஷிச்சி மிஷிமா 1931-இல் கண்டறிந்த நிக்கல்–அலுமினிய எஃகிலிருந்து வளர்ந்த அல்நிகோ காந்தங்கள், அதுவரை புழங்கிய சாதாரண எஃகுக் காந்தங்களைவிடப் பல மடங்கு உறுதியானவை. 1950களில் சந்தைக்கு வந்த பெர்ரைட் காந்தங்கள் மலிவானவை, ஒலிபெருக்கிகளின் பின்புறத்தில் தடித்த கரு வளையங்களாக இருப்பவை அவையே. பட்டறைகள் காந்தத்தை விலைகொடுத்து வாங்கவில்லை. பழுதாகி ஒதுக்கப்பட்ட மேக்னெட்டோவிலிருந்தும் கிழிந்த ஒலிபெருக்கியிலிருந்தும் உடைத்து எடுத்துக்கொண்டன. பழைய வாகன உறுப்புகளின் சந்தையான புதுப்பேட்டையும், புதிய உதிரி உறுப்புகள் விற்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், வானொலி – ஒலிபெருக்கி உறுப்புகள் விற்கும் ரிச்சி தெருவும் அண்ணா சாலையை ஒட்டி நடந்து செல்லும் தூரத்துக்குள் அமைந்திருப்பது, ஒரு தொழிலின் கழிவு இன்னொரு தொழிலின் கருவியாவதற்கு ஏற்ற நகரமைப்பாகும்.

ஒலிபெருக்கிக் காந்தம் கிராங்க் கேஸின் வாய்க்குள் நுழைய முடியாத அளவு பெரியது. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் தண்டில் அதை ஒட்டவைத்தால் எஃகுத் தண்டின் வழியே காந்தவிசை நுனிவரை செல்கிறது. தண்டு எட்டும் இடமெல்லாம் காந்தமும் எட்டுகிறது. கிராங்க் கேஸின் சுவர் அலுமினியமாதலால் நுனி அதில் ஒட்டாமல் தாராளமாக உலவலாம். இடையூறு செய்வது ஃப்ளைவீல்: இரும்பு இனத்தைச் சேர்ந்த அது காந்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், பிடிபட்ட சர்க்கிளிப்பையும் வரும் வழியில் பறித்துக்கொள்ளும். இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது, மிக நேர்த்தியானதும்கூட: தண்டின் பக்கங்களில் ரப்பர் குழாயைச் செருகி நுனியை மட்டும் வெளியே விட்டால், பக்கவாட்டில் ஒட்டும் தொல்லை பெரிதும் குறைந்துவிடுகிறது. ஸ்பார்க் பிளக்கின் 14 மில்லிமீட்டர் துளை வழியே சிலிண்டருக்குள் விழுந்ததை எடுக்கும்போது இந்த உறை இன்னும் இன்றியமையாதது, ஏனெனில் அங்கே நான்கு புறமும் வார்ப்பிரும்பே சூழ்ந்திருக்கிறது.

காந்தத்துக்கு அகப்படாத உலோகங்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. ராக்கருக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் குழாய் இணைப்பின் செம்பு வாஷர், அலுமினிய வாஷர், பித்தளைத் துண்டு ஆகியவை விழுந்தால், சைக்கிள் ஸ்போக்கின் நுனியில் கெட்டியான கிரீஸை உருட்டிவைத்து, அதன் பசையில் ஒற்றி எடுப்பர். உறுப்பின் மேல் எண்ணெய் படிந்திருந்தால் கிரீஸ் பிடிக்காது என்பதால், முதலில் துணி சுற்றிய கம்பியால் எண்ணெயை ஒற்றிவிட வேண்டும். அண்மைக் காலத்தில் பளபளப்புக்காக வண்டி உரிமையாளர்கள் மாற்றிப்போடும் எவர்சில்வர் போல்ட்டுகளும் இந்த வகையில் சேர்ந்துகொண்டன. நிக்கல் கலந்த அந்த எஃகு காந்தத்துக்கு அநேகமாக அசைவதே இல்லை.

இவையும் பலிக்காதபோது மண்ணெண்ணெய் வரும். எஞ்சினின் அடியிலுள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றி, கீழே வெள்ளைத் துணி விரித்த தட்டை வைத்து, மேல்வாயிலிருந்து மண்ணெண்ணெயை வேகமாக ஊற்றினால், மறைந்திருக்கும் உறுப்பு ஓட்டத்தில் இடம்பெயர்ந்து துளை வழியே வரலாம், அல்லது கம்பிக்கு எட்டும் இடத்துக்கேனும் நகரலாம். எல்லாம் தோற்றால் எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கி, இடப்புறத்தில் கிளட்சையும் செயின் பெட்டியையும், வலப்புறத்தில் டைமிங் பற்சக்கரங்களையும் களைந்து, கிராங்க் கேஸை இரண்டாகப் பிளக்க வேண்டும். ஒரு சிறு வளையத்துக்காக முழு எஞ்சினின் குடலையும் திறப்பதுபோன்ற இந்த வேலைக்கு ஆகும் நேரமும் கூலியும் மிக அதிகம். மற்ற எல்லா உத்திகளும் இதைத் தவிர்ப்பதற்கென்றே பிறந்தவை.

ஓசூரில் தயாரான இண்ட்–சுசுகி, அதையொட்டி வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, ஹீரோ ஹோண்டா சிடி 100 ஆகியவற்றின் வழியே 1980களின் நடுவில் ஜப்பானிய எஞ்சின்கள் பட்டறைக்குள் நுழைந்தபோது, விழும் இடங்களும் மாறின. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் கிராங்க் கேஸ் மிகச் சிறியது. எரிபொருள் கலவை அதன் வழியாகவே மேலே செல்வதால், உள்ளே தங்கிய துண்டு பிஸ்டன்வரை ஏறிச்சென்று அழிவை உண்டாக்கும் அபாயம் கூடுதல். சிடி 100 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களில் கேம் அச்சு தலைப்பகுதிக்கு இடம்பெயர்ந்துவிட்டதால், அதை ஓட்டும் செயின் செல்லும் சுரங்கமே புதிய பொறியாயிற்று. கேம் பற்சக்கரத்தின் போல்ட்டைக் கழற்றும் முன் அந்த இடைவெளியில் துணி திணிப்பது இன்றும் பையன்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று. புல்லட்டும் பின்னர் மாறியது: 2010-ஐ ஒட்டிப் பழைய இரும்பு எஞ்சினின் தயாரிப்பு முடிவுக்கு வந்து, எஞ்சினும் கியரும் ஒரே உறைக்குள் அடங்கிய புதிய எஞ்சின் அதன் இடத்தைப் பிடித்தது.

கருவிகளும் மாறிவிட்டன. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவாக்கப்பட்ட நியோடிமியம் காந்தம், பட்டாணி அளவிலேயே பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தின் வேலையைச் செய்யும் வலிமை உடையது. இழுத்து நீட்டும் குச்சியின் நுனியில் அதைப் பொருத்திய கருவி இப்போது உதிரிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. கைப்பேசியுடன் இணையும் மெல்லிய கேமராக் கம்பியை ஸ்பார்க் பிளக் துளைக்குள் விட்டு, விழுந்த உறுப்பைத் திரையில் பார்த்தபடியே தேடவும் முடிகிறது. இவை வந்தபின் பழைய தேர்ச்சியின் தேவை குறைந்தது உண்மைதான். ஆனால் எதைத் திருப்பக்கூடாது, எந்த உலோகத்துக்கு எந்த வழி, உறுப்பு எங்கே உருண்டிருக்கும் என்ற தீர்மானங்களைக் கேமரா எடுப்பதில்லை.

சென்னையின் தொழில் வரலாற்றை எழுதியோர் ஆலைகளுக்கும் முதலாளிகளுக்கும் உரிய இடத்தைத் தந்துள்ளனர். ஆலையிலிருந்து வெளியே வந்த எஞ்சினை அரை நூற்றாண்டாக ஓடவைத்த பட்டறைகளுக்கு அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை. இரும்பு எஞ்சினைக் கையாண்டு தேர்ந்த மெக்கானிக்குகள் பலருக்கு வயதாகிவிட்டது. அவர்கள் தம் கையால் செய்த கருவிகளைப் படமெடுத்து, வேலைமுறைகளை அவர்களின் சொற்களிலேயே ஒலிப்பதிவு செய்யும் பணியைப் பொறியியல் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் தாமதமின்றி மேற்கொள்ள வேண்டும்.