ஒருத்திக்காக முடியாது

1869 மார்ச்சில் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக் என்ற ஆங்கிலேயப் பெண் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க மனுப் போட்டார். பேராசிரியர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டும் மேலிடம் மறுத்துவிட்டது. ஆண்களோடு ஒரே வகுப்பில் பெண்ணை உட்காரவைப்பதற்கில்லை; ஒரே ஒரு பெண்ணுக்காகத் தனி ஏற்பாடு செய்யவும் முடியாது என்று காரணம் சொன்னார்கள்.

அந்த மறுப்பிலேயே வழியும் இருந்தது. ஒருத்திக்கு முடியாது என்றால் நாலைந்து பேர் சேர்ந்து வந்தால் என்ன சொல்வார்கள்? ஜெக்ஸ்-பிளேக் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். இசபெல் தோர்ன், எடித் பீச்சி, மடில்டா சாப்ளின், ஹெலன் எவன்ஸ் ஆகியோர் வந்தார்கள். அக்டோபரில் நடந்த நுழைவுத் தேர்வை எழுதிய 152 பேரில் பெண்கள் இந்த ஐவர்தான். முதல் ஏழு இடங்களில் நான்கு இவர்களுக்கு! பிறகு மேரி ஆண்டர்சன், எமிலி போவெல் இருவரும் சேர, 'எடின்பரோ எழுவர்' ஆனார்கள்.

சேர்ந்த பிறகும் கூட்டு இல்லாமல் பிழைக்க முடியாத நிலைமை. பெண்களுக்குப் பாடம் நடத்த ஆசிரியர்களுக்கு அனுமதி உண்டு, கட்டாயம் கிடையாது. ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து, பேசிச் சம்மதிக்கவைப்பது மாணவிகளின் பொறுப்பு. வகுப்பு சிறியது என்பதால் கட்டணமும் தலைக்கு அதிகம். தனி ஆளாக இருந்திருந்தால் அந்தச் செலவிலேயே படிப்பு நின்றுபோயிருக்கும்.

1870இல் வேதியியல் தேர்வில் முதல்முறை எழுதியவர்களில் பீச்சிதான் முதலிடம். அதற்குரிய ஹோப் உதவித்தொகையோ அவருக்கு அடுத்து வந்த ஆண்களுக்குப் போயிற்று. பெண்கள் தனி வகுப்பில் படித்தவர்கள் என்று சாக்குச் சொன்னார்கள். இதில் வேடிக்கை, அந்த உதவித்தொகைக்கு முதல் போட்டதே பெண்களின் காசு: பேராசிரியர் ஹோப் ஒரு காலத்தில் சீமாட்டிகளுக்கு வேதியியல் சொற்பொழிவு நடத்திச் சேர்த்த பணம் அது.

அந்த ஆண்டு நவம்பர் 18 அன்று உடற்கூறியல் தேர்வுக்காக அவர்கள் சர்ஜன்ஸ் ஹாலுக்குப் போனபோது, இருநூறு பேருக்கு மேற்பட்ட கும்பல் சேற்றை வாரி இறைத்து, வாயிற்கதவை முகத்தில் அறைந்து சாத்தியது. பரிவுள்ள மாணவர் ஒருவர் உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டார். தேர்வு நடந்துகொண்டிருந்தபோது ஓர் ஆட்டை உள்ளே தள்ளிவிட்டார்கள். அனுப்பியவர்களைவிட அதற்கு அறிவு அதிகம், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் ஆசிரியர் ஹாண்டிசைட். அதன்பின் சில நாட்கள் 'அயர்லாந்துப் படை' என்று பெயர்பெற்ற மாணவர் குழு ஒன்று இவர்களுக்குத் துணையாக வீடுவரை நடந்தது. சேறு இறைக்க ஒரு கூட்டம், காவலுக்கு ஒரு கூட்டம். இரண்டிலும் இருந்தவர்கள் சக மாணவர்களே.

பட்டம் பெறும் உரிமைக்காக மாணவிகள் பல்கலைக்கழகத்தின்மீது தொடுத்த வழக்கு 1873இல் தோற்றது. பெண்களைச் சேர்த்துக்கொண்டதே சட்டப்படி தவறு என்று நீதிபதிகளில் பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தார்கள். பட்டம் கைக்கு வரவில்லை, ஆனால் கூட்டு கலையவில்லை. மறு ஆண்டே ஜெக்ஸ்-பிளேக்கின் முயற்சியில் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளி திறந்தது. முதலில் சேர்ந்த 14 பேரில் 12 பேர் எடின்பரோவில் படித்தவர்கள். பின்னாளில் அதன் கௌரவச் செயலாளராகப் பொறுப்பேற்றவர் தோர்ன்.

அந்தப் பள்ளியின் பலன் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப், மேற்படிப்புக்குப் போனது அங்கேதான். திரும்பி வந்து 1885இல் அவர் தொடங்கிய மருத்துவமனைதான் திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரி, இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. பீச்சியோ 1883இல் பம்பாய்க்கு வந்து காமா மருத்துவமனைப் பணியில் இறங்கினார்.

எழுவருக்கும் எடின்பரோ பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் வழங்கியது 2019 ஜூலை 6 அன்று. அவர்கள் சேர்ந்து 150 ஆண்டுகள் கழித்து. அவர்கள் சார்பில் மேடையேறிப் பட்டத்தை வாங்கிக்கொண்டவர்கள், அங்கே அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவிகள்.