லைசென்ஸும் இரண்டு கைத்துப்பாக்கிகளும்

விஸ்கி என்றாலே ஸ்காட்லாந்து என்கிறோம். அங்கேயும் ஒரு காலத்தில் மலைப்பக்கம் முழுக்கக் கள்ளச்சாராயம்தான்! வரி அத்தனை கடுமை. 1823-இல் வந்த சட்டம் வரியைக் குறைத்து, ஆண்டுக்கு 10 பவுன் கட்டினால் லைசென்ஸ் என்றது.

1824-இல் க்ளென்லிவெட்டில் ஜார்ஜ் ஸ்மித் என்ற விவசாயி முதல் ஆளாக லைசென்ஸ் எடுத்தார். 'இவன் நேர்வழியில போனா நம்ம பிழைப்பு என்னாவது?' என்று அக்கம்பக்கத்தார் கொதித்தார்கள். ஆலையைக் கொளுத்துவோம் என்று மிரட்டினார்கள். அபர்லவர் பண்ணையார் ஒரு ஜோடி கைத்துப்பாக்கி கொடுத்தார். மனுஷன் அதை இடுப்பில் செருகிக்கொண்டே தொழில் பார்த்தார், ஜெயித்தார்.

பின்னாளில் கலப்பு விஸ்கி சந்தையைப் பிடித்தது. 1963-இல் க்ளென்ஃபிடிக் வெளிநாடுகளுக்குத் துணிந்து அனுப்பிய பிறகே சிங்கிள் மால்ட்டுக்கு மறுவாழ்வு.

தேர்ந்தெடுப்பது எப்படி? ஒரே ஆலை, முளைகட்டிய பார்லி மட்டும், ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு: இதுதான் ஸ்காட்ச் சிங்கிள் மால்ட். லேபிளில் 12 என்றால், உள்ளே இருப்பதில் மிக இளையதற்கு வயது 12. புகைவாசனை பிடித்தால் ஐலா தீவுச் சரக்கு. பழவாசனை என்றால் ஸ்பேசைட். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, முகர்ந்து, மெதுவாகச் சுவைக்கணும். மடக்மடக்கென்று குடிக்கவா ஸ்மித் துப்பாக்கியோடு அலைந்தார்?