திருவள்ளூர் லான்சரும் 'டைமிங்' என்கிற சமாச்சாரமும்

சென்னை சென்ட்ரலில் அரக்கோணம் லோக்கல் ஏறி திருவள்ளூரைத் தாண்டினால் கடம்பத்தூர் வரும். அதற்குப் பக்கத்தில் அதிகத்தூர். வயலும் செங்கல் சூளையும் கண்ணில் படும் இந்தப் பகுதிக்கும் உலக ராலி சாம்பியன்ஷிப்புக்கும் ஒரு தொடர்பு உண்டு என்றால் பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் உண்டு. மிட்சுபிஷி லான்சர் என்ற கார் 1998இல் இந்தியாவில் தயாராக ஆரம்பித்தது இங்கேதான்.

அம்பாசடர் கம்பெனி என்றே நம் ஊரில் அறியப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூருக்குப் புதிதாக வந்ததில்லை. 1971 முதலே இங்கே மண் அள்ளும் இயந்திரங்களைச் செய்து வந்தது. அந்தப் பிரிவை 2000-2001 வாக்கில் கேட்டர்பில்லர் வாங்கிக்கொண்டது. கார் ஆலை மட்டும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வசமே இருந்தது.

அது சரி, ராலிக்கு என்ன சம்பந்தம்?

அதே 1998இல்தான் மிட்சுபிஷி உலக ராலியில் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. பின்லாந்தின் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை ஓட்டுநர் பட்டம் வாங்கினார். அவர் ஓட்டியது லான்சர் எவல்யூஷன், சுருக்கமாக 'எவோ'. திருவள்ளூர் லான்சரும் எவோவும் ஒரே குடும்பம், ஒரே முகஜாடை. இன்ஜின் மட்டும் வேறு! எவோவுக்குள் இருந்தது 4ஜி63 என்ற 2 லிட்டர் டர்போ. மேலே இரண்டு கேம்ஷாஃப்ட், 16 வால்வு. நம் ஊர் லான்சருக்குக் கிடைத்தது 1.5 லிட்டர், ஒரே கேம்ஷாஃப்ட், 12 வால்வு, டர்போ கிடையாது, சுமார் 87 குதிரைத்திறன். கூடவே டர்போ இல்லாத 2 லிட்டர் டீசல் ஒன்றும் இருந்தது. ஆசை விடாதவர்கள் எவோ மாதிரி பம்பரும் பின்பக்க ரெக்கையும் மாட்டித் திருப்திப்பட்டுக்கொண்டார்கள்.

கேம்ஷாஃப்ட் என்ன செய்கிறது?

இன்ஜினுக்குக் காற்று உள்ளே போக ஒரு வாசல், புகை வெளியே போக ஒரு வாசல். இவைதான் வால்வுகள். இந்த வாசல்களை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று முடிவு செய்வது கேம்ஷாஃப்ட். பிஸ்டனை இயக்கும் கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். இரண்டையும் இணைப்பது பல் வைத்த டைமிங் பெல்ட் அல்லது செயின்.

புகை வாசல் முழுதாக மூடும் முன்பே காற்று வாசல் திறக்கத் தொடங்கிவிடும். கொஞ்ச நேரம் இரண்டுமே திறந்திருக்கும். இதற்கு ஓவர்லாப் என்று பெயர். டர்போ இல்லாத இன்ஜினில் வேகம் ஏற ஏற இது நல்லது. வெளியே ஓடும் புகை புதுக் காற்றையும் பின்னால் இழுத்து வரும்.

டர்போ வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. புகை நேராக வெளியே போக முடியாது, டர்போவின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த இடத்தில் நெரிசல். அதிக வேகத்தில் புகைப் பக்க அழுத்தம் காற்றுப் பக்க அழுத்தத்தை மிஞ்சினால், இரண்டு வாசலும் திறந்திருக்கும் நேரத்தில் எரிந்த புகையே சிலிண்டருக்குள் திரும்பி வரும். எனவே ஓவர்லாப்பைக் குறைக்க வேண்டும். அதாவது உள்வால்வு கேமைக் கொஞ்சம் தாமதப்படுத்துவது, வெளிவால்வு கேமை முன்னே கொண்டுவருவது. அதே டர்போ இன்ஜினில் குறைந்த வேகத்தில், காற்றுப் பக்க அழுத்தம் அதிகமாக இருக்கும் நேரத்தில், கொஞ்சம் ஓவர்லாப் இருப்பதுதான் நல்லது. சிலிண்டர் சுத்தமாகும், டர்போவும் சீக்கிரம் எழும்பும்.

ஆகவே எல்லா வேகத்துக்கும் பொருந்தும் ஒரே டைமிங் கிடையாது. எவோ வைத்திருந்தவர்கள் டிகிரி கோடு போட்ட, திருகித் திருப்பக்கூடிய கேம் புல்லிகளை மாட்டி ஒன்று இரண்டு டிகிரியாக மாற்றி, ஒவ்வொரு முறையும் டைனோ இயந்திரத்தில் சோதித்துப் பார்ப்பார்கள். கீழே இழுவை கூடினால் மேலே சக்தி குறையும். மேலே கூட்டினால் கீழே குறையும்.

விளையாட்டு இல்லை இது. கிராங்க் புல்லியில் 24 பல் என்று வைத்துக்கொண்டால், பெல்ட் ஒரே ஒரு பல் தவறினாலும் 15 டிகிரி வித்தியாசம். 4ஜி63 போன்ற இன்ஜினில் பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்துக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து போகின்றன. டைமிங் தவறினால் இரண்டும் மோதும், வால்வு வளைந்துவிடும். அதனால்தான் நல்ல மெக்கானிக் பெல்ட் மாட்டியதும் சாவியைத் திருப்ப மாட்டார். முதலில் கையால் இரண்டு சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக வருகின்றனவா என்று பார்ப்பார்.

மெக்கானிக்கின் வேலையை எண்ணெய் செய்தது

ஓடும்போதே டைமிங் மாறும் ஏற்பாட்டை விற்பனைக் காரில் முதலில் கொண்டுவந்தது இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ, 1980இல். ஹோண்டாவின் விடெக் 1989இல் வந்தது, மிட்சுபிஷியின் மைவெக் 1992இல். எவோவில் உள்வால்வு கேமுக்கு மைவெக் கிடைத்தது 2005இன் எவோ 9இல். அடுத்து வந்த எவோ 10இல் இரண்டு கேமுக்கும் கிடைத்தது. எண்ணெய் அழுத்தத்தால் கேமைத் திருப்பி, தேவையான டிகிரியைக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுக்கும். இந்த எவோ 10 2010இல் இந்தியாவில் விற்பனைக்கும் வந்தது. ஆனால் திருவள்ளூரில் செய்ததல்ல, முழுதாக இறக்குமதி.

கம்பெனியின் டைமிங்

இனி காமர்ஸ் பக்கம் வருவோம். சென்னையைச் சுற்றி ஒரே காலத்தில் மூன்று கார் ஆலைகள் எழுந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், மறைமலை நகரில் ஃபோர்டு, திருவள்ளூரில் இந்த லான்சர் ஆலை. ஹூண்டாய் 1998இல் சான்ட்ரோ என்ற சின்னக் காரோடு வந்தது. ஒரு ஆலையின் நிலையான செலவு கார் எண்ணிக்கையைப் பொறுத்து மாறாது. பத்தாயிரம் கார் மேல் பரவினால் ஒரு காருக்குப் பெரும் சுமை, லட்சம் கார் மேல் பரவினால் சிறு சுமை. லான்சர் பணக்காரர்களின் கார். எண்ணிக்கை பெருக வழியில்லை.

அதைவிடப் பெரிய தவறு காலதாமதம். ஹோண்டா 2000இல் சிட்டி காரில் விடெக் கொடுத்தது, அதே 1.5 லிட்டரில் 106 குதிரைத்திறன். ஹூண்டாய் 2002இல் ஆக்சென்ட்டில் டர்போ டீசல் கொடுத்தது. லான்சர் அப்படியே நின்றது. ஜப்பானில் 2000இல் வந்த செடியா இங்கே வந்தது 2006இல். ஜப்பானில் அடுத்த தலைமுறை 2007இலேயே வந்துவிட்டது! செடியா வந்த பிறகும் பழைய லான்சர் பக்கத்திலேயே விற்றுக்கொண்டிருந்தது. ஓவர்லாப் இங்கே உதவவில்லை.

2012இல் பஜேரோ ஸ்போர்ட் என்ற டர்போ டீசல் வண்டி திருவள்ளூரில் தயாரானது, கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் மே 2014இல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தியே நின்றது. திருவள்ளூர் ஆலை அதே பிர்லா குழுமத்தின் இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. இடையில் இசுசு தன் வண்டிகளை இங்கே கூலிக்குச் செய்து வாங்கியது. 2016இல் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்ததும் கிளம்பிவிட்டது. ஒரு கம்பெனி இடம் மாறினால் அதை நம்பி உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும், வேன் பிடித்து ஷிஃப்டுக்குப் போகும் காண்ட்ராக்ட் தொழிலாளர்களும் என்ன ஆவார்கள் என்பது எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராத வரி.

ஆலை மூடப்படவில்லை என்பதுதான் நல்ல செய்தி. 2017இல் பிரான்சின் பி.எஸ்.ஏ. குழுமம் பிர்லாவுடன் கைகோத்தது. 2021இல் சிட்ரோயன் சி5, 2022இல் சி3 என்று வண்டிகள் வரத் தொடங்கின. சி3க்கு 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினும் உண்டு, 110 குதிரைத்திறன். கேம் டைமிங் தானாக மாறும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. இன்ஜின் ஓசூரில் தயாராகி இங்கே வந்து வண்டியில் ஏறுகிறது. லான்சர் வாங்கியவர்கள் 1998இல் ஆசைப்பட்ட டர்போ பெட்ரோல், 24 வருடம் கழித்து, வேறு பெயரில் அதே திருவள்ளூர் கேட்டைத் தாண்டி வெளியே வந்தது.

அந்த கேட்டுக்குள் வேலை பார்ப்பவர்களுக்காகவாவது இந்த முறை டைமிங் தவறாமல் இருக்கட்டும்.