குடல் அழற்சி நோயும் பத்தியமும்: விலக்கு உணவு முறைகளுக்கு ஓர் எல்லை

முன்னுரை

குரோன் நோய் அல்லது பெருங்குடல் புண் அழற்சி என்று மருத்துவர் சொன்ன அன்றைக்கே நோயாளியும் வீட்டாரும் கேட்பது, என்ன சாப்பிடலாம், எதை விடவேண்டும் என்பதைத்தான். நியாயமான கேள்வி. நோய் இருப்பது உணவு செல்லும் பாதையில். உண்டதும் வலி, உண்டதும் கழிச்சல். இந்தக் கேள்விக்கு இன்று பல விலக்கு உணவு முறைகள் விடை தருகின்றன. அவற்றால் பயன் உண்டா இல்லையா என்பது பாதிக் கேள்விதான். எந்த வரம்புக்குள் பயன், எந்த வரம்பைத் தாண்டினால் தீங்கு என்பதே முழுக் கேள்வி. அந்த வரம்பை வகுக்கத் தமிழ் மருத்துவ மரபில் ஏற்கெனவே ஒரு கருத்து இருக்கிறது: பத்தியம். பத்தியம் மருந்தோடு சேர்ந்து வரும். எதை விடவேண்டும் என்பதோடு எதை உண்ணவேண்டும் என்றும் சொல்லும். அதற்கு நாள் கணக்கு உண்டு. இம்மூன்றும் இல்லாத விலக்கைப் பத்தியம் என்று சொல்ல முடியாது. அண்மைக்கால ஆய்வுகள் இம்மூன்றையும் தனித்தனியே உறுதிப்படுத்துகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பயன் உண்மை, விளக்கம் பிழை

இன்று பரவலாக அறியப்படும் 'குறிப்பிட்ட மாவுச்சத்து உணவு முறை'யின் வேர் சீலியாக் நோய் சிகிச்சையில் இருக்கிறது. 1924இல் நியூயார்க் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ், அந்நோயால் உருக்குலைந்த பத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவு பெற்ற எட்டுப் பேர் தேறினர். அதைப் பெறாத இருவர் இறந்தனர். பெருமை முழுவதும் வாழைப்பழத்துக்குப் போயிற்று. நெதர்லாந்தின் வில்லெம் டிக்கே உண்மைக் காரணத்தைக் கண்டார். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் அங்கே ரொட்டி கிடைக்கவில்லை. சீலியாக் குழந்தைகள் தேறினர். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. குற்றவாளி கோதுமை என்பதை 1950இல் வெளிவந்த அவரது முனைவர் பட்ட ஆய்வேடு நிறுவியது. குழந்தைகளைக் காத்தது தட்டில் வைத்த பழமன்று, தட்டில் இல்லாத கோதுமை. பழத்தால் நோய் தீர்ந்ததென்று நம்பிக் கோதுமைக்குத் திரும்பிய குழந்தைகளின் குடல் மறுபடியும் கெட்டது.

பெருங்குடல் புண் அழற்சி கண்ட தம் மகளை எலைன் காட்ஷால் ஹாஸிடம் அழைத்துச் சென்றார். மகள் தேறியதும், தாமே உயிர்வேதியியல் கற்று ஹாஸின் உணவு முறையை நூல்களின் வழி உலகறியச் செய்தார். ஒரு தாயின் அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் ஹாஸின் கதை விட்டுச்சென்ற பாடத்தை மறக்கலாகாது: ஓர் உணவு முறை பலித்துவிட்டது என்பதாலேயே அது சொல்லும் காரணம் மெய்யாகிவிடாது.

எதை விடுவது, எதைச் சேர்ப்பது

காட்ஷாலின் முறையில் எல்லாத் தானியமும் விலக்கு. உருளைக்கிழங்கு, சர்க்கரை, பால் ஆகியவையும் விலக்கு. இட்லி, தோசை, சோறு மூன்றும் ஒரே நாளில் போய்விடும். தயிர் உண்டு. அதுவும் இருபத்துநான்கு மணி நேரம் இளஞ்சூட்டில் புளித்த தயிர். பாலில் உள்ள லாக்டோஸ் முழுவதையும் நுண்ணுயிரிகள் தின்று தீர்க்கவேண்டும் என்பது காரணம். இரவு உறைமோர் ஊற்றி விடியலில் கெட்டியாக எடுக்கும் வீட்டுத் தயிர் இந்தக் கணக்கில் பாதி வழியில்தான் நிற்கிறது.

இஸ்ரேலில் ஆரி லெவின் குழு உருவாக்கிய 'குரோன் விலக்கு உணவு' சில இடங்களில் இதற்கு நேரெதிர். அதன் முதல் ஆறு வாரத்தில் பாலும் தயிரும் கூடாது, சோறு உண்ணலாம், கோழி, முட்டை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஆப்பிள் ஆகியவை அன்றாடம் கட்டாயம். இதனுடன் ஊட்டச்சத்துப் பானமும் உண்டு. குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. பன்னிரண்டாம் வாரத்தில் ஸ்டீராய்டு இல்லாத தணிவு இம்முறையில் 75.6 விழுக்காட்டினரிடமும், ஆறு வாரம் பானம் மட்டுமே அருந்திப் பின் வழக்கமான உணவுக்குத் திரும்பிய குழுவில் 45.1 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது.

ஒருவர் விலக்கும் உருளைக்கிழங்கை மற்றவர் கட்டாயமாக்குகிறார். ஒருவர் ஏற்கும் தயிரை மற்றவர் தள்ளுகிறார். இருவர் தரும் விளக்கமும் முழு உண்மையாக இருக்க முடியாது. இரண்டுக்கும் பொதுவானவற்றுள் குறிப்பிடத்தக்கது ஒன்று: ஆலையில் பதப்படுத்திய பண்டங்கள் இரண்டிலும் இல்லை. அவற்றில் சேரும் சில பால்மமாக்கிகள் எலிகளின் குடற்சளிப் படலத்தைக் குலைத்து அழற்சியைத் தூண்டுவதாக 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. மனிதரிடம் இது முழுமையாக நிறுவப்படவில்லை. ஆயினும் சந்தேகத்தின் திசை தெளிவு.

இதை 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வும் வலுப்படுத்துகிறது. குரோன் நோயாளிகள் 194 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் காட்ஷால் வழி உணவும் மற்றவர்க்கு மத்தியதரைக்கடல் உணவும் தந்தனர். ஆறாம் வாரத்தில் அறிகுறி தணிந்தவர் முறையே 46.5, 43.5 விழுக்காடு. கடுமையான விலக்குக்குத் தனிப் பலன் எதுவும் கிட்டவில்லை. அப்படியென்றால் சோற்றுப் பானையைக் கவிழ்ப்பதற்கு முன், பிஸ்கட் டப்பாவையும் குளிர்பானப் புட்டியையும் மூடுவதே முறை.

அறிகுறி வேறு, அழற்சி வேறு

விலக்கு உணவின் பெரிய அபாயம் அது தரும் நிம்மதியிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த 'ஃபோட்மேப்' குறைப்பு முறை, குடலில் எளிதில் நொதிக்கும் சர்க்கரைகளைக் குறைக்கிறது. வெங்காயம், பூண்டு, பருப்பு எல்லாம் இதில் அடிபடும். சாம்பாரில் மிஞ்சுவது கொஞ்சமே. லண்டனில் நோய் அடங்கிய நிலையில் இருந்த 52 பேரிடம் இது சோதிக்கப்பட்டு 2020இல் முடிவு வந்தது. நான்கு வாரத்தில் போதிய நிவாரணம் கண்டவர் 52 விழுக்காடு. ஒப்பீட்டுக் குழுவில் 16 விழுக்காடு. அழற்சி அளவீடுகளில் வேறுபாடே இல்லை. குடலுக்கு நன்மை செய்யும் சில பாக்டீரியாக்களும் குறைந்தன.

வயிறு அமைதியானது, ஆனால் அழற்சியின் அளவு மாறவில்லை. நோய் மூண்டிருக்கும்போது இந்த அமைதியை நம்பி மருந்தை நிறுத்தினால், உள்ளே அழற்சி ஓசையின்றி வேலை செய்யும். குடல் சுருக்கமும் புரைவழியும் அப்படித்தான் முற்றுகின்றன. எனவே உணவு முறை தொடங்கும் முன்பும், சில வாரம் கழித்தும் மலத்தில் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கவேண்டும். கிராமுக்கு 250 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் பொதுவாக அழற்சி மூண்டிருப்பதாகவே கொள்வர். நம் உணர்வு சாட்சி மட்டுமே. தீர்ப்பை அளவீடு சொல்லவேண்டும். குழந்தைகளின் குரோன் நோயில் பானம் மட்டுமே தரும் ஆறு முதல் எட்டு வாரச் சிகிச்சை அழற்சியையே தணிக்கும் என்பது உண்மை. அதுவும் மருத்துவர் கண்காணிப்பில், கணக்கிட்ட காலத்துக்குத்தான். பெருங்குடல் புண் அழற்சிக்கு அதே பலன் காணப்படவில்லை.

நாள் கணக்கு

சித்த மருத்துவத்தில் மருந்துண்ணும் காலத்துக்குப் பத்தியமும், மருந்து முடிந்தபின் மறுபத்தியமும் வகுக்கப்பட்டுள்ளன. பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கும் பத்தியச் சமையலில் விலக்கு இருப்பதுபோலவே பூண்டுக் குழம்பும் லேகியமும் இருக்கின்றன. அவள் தேறியதும் வழக்கச் சாப்பாட்டுக்குத் திரும்புகிறாள். ஃபோட்மேப் முறையும் மூன்று படிகளால் ஆனது: சில வாரம் குறைத்தல், ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தல், ஒத்துக்கொள்பவற்றைக் கொண்டு நிரந்தர உணவை அமைத்தல். நடைமுறையில் பலர் முதல் படியிலேயே தங்கிவிடுகின்றனர். கழிச்சலும் இரத்தக் கசிவும் ஏற்கெனவே உடலை வற்றச் செய்த நிலையில் எடை, இரும்புச்சத்து, ஃபோலேட், வைட்டமின் டி ஆகியவை மேலும் குறைகின்றன. சாப்பாடே அச்சமாகிறது. திருமண வீட்டுப் பந்தியில் இலை முன் உட்காரக் கூசி வாசலில் நிற்கும் இளைஞருக்கு நோய் பறித்தது போதாதென்று, நாம் சொன்ன பட்டியலும் ஒன்றைப் பறித்திருக்கிறது.

திரும்பச் சேர்க்கும் படியில் சமையலறை அறிவே வழிகாட்டும். வெங்காயத்திலும் பூண்டிலும் தொல்லை தரும் ஃப்ரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி, பற்களை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் கிடைக்கும், தொல்லை குறையும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மாவு கலந்திருக்கும். கோதுமையை விட்டவர் டப்பாவின் பின்புறத்தைப் படிக்கவேண்டும்.

முடிவுரை

விலக்கு உணவைத் தொடங்க விரும்பும் நோயாளியைத் தடுப்பதும் தவறு, தனியே விடுவதும் தவறு. தொடங்கும் அன்றே மூன்றை எழுதிக்கொள்ளச் சொல்லவேண்டும்: மருந்து தொடர்கிறது, விட்டதற்கு ஈடாக இன்னது உண்கிறேன், இன்ன தேதியில் அளவீடு பார்த்து, பயனில்லையேல் விடுகிறேன். பயனிருந்தாலும் அதே தேதியில்தான் முதல் உணவு தட்டுக்குத் திரும்பவேண்டும். குடலைத் தேற்றத் தொடங்கிய பத்தியம், மனிதரைப் பந்தியில் திரும்ப உட்கார வைத்தால்தான் நிறைவுபெறும்.