ஐஸ் வந்த வழியும் ஐஸால் வந்த வினையும்

கடந்த ஒக்டோபரில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், என் தமக்கையின் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அவரிடம் ஆர்.வி. என்று அங்குள்ளோர் அழைக்கும் வீட்டு வாகனம் ஒன்று உண்டு. சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் சக்கரத்தின் மேல். கோடையில் ஏரிக்கரைகளுக்குக் குடும்பத்தோடு போய்வருவார். அதிலுள்ள குளிர்சாதனப் பெட்டி தானாகவே ஐஸ் கட்டிகளைச் செய்து தட்டில் கொட்டும்.

ஒரு ஞாயிறு காலை அவர் வாகனத்தின் வெளிப்பக்கத் தகடு ஒன்றைக் கழற்றி, உள்ளே கையை விட்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன்.

"ஐஸ் செய்யிற பெட்டியை ஐஸிட்டை இருந்து காப்பாத்திறன், மாமா" என்றார்.

வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் வினை இருந்தது. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது. குழாயில் எஞ்சிய ஒரு கோப்பை நீர் போதும், குளிர்காலத்தில் குழாயைப் பிளந்துவிடும். அதனால் வாகனத்தை நிறுத்தி வைப்பவர்கள் நீர்த்தாங்கியையும் குழாய்களையும் வடித்து, இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவத்தை ஓடவிடுகிறார்கள். அது புரொப்பிலீன் கிளைக்கோல் கலந்தது. கார் இயந்திரத்துக்கு வழக்கமாக ஊற்றப்படும் எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. குடிநீர்க் குழாயில் அதை விடலாகாது.

முந்திய ஆண்டு மருமகன் இதையெல்லாம் ஒழுங்காகவே செய்திருந்தார். ஒன்றை மட்டும் மறந்தார். ஐஸ் பெட்டிக்குப் போகும் மெல்லிய குழாய் தனிக் கிளையாகப் பிரிந்து செல்வது. ஐஸ் பெட்டி நீர் கேட்கும் வேளையில் மட்டுமே அதிலுள்ள மின்வால்வு திறக்கும். ஆகவே மற்றக் குழாய்களைத் திறந்து வடித்தாலும் அதனுள் இருக்கும் நீர் அசையாது. பிளாஸ்ரிக் வால்வு குளிரில் வெடித்திருந்தது. வசந்தத்தில் நீரைத் திறந்தபோது பெட்டியின் பின்னால் ஓசையின்றிக் கசிந்து, தரைப் பலகை ஊறிப் போயிற்று.

இம்முறை அவர் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் வரத்தை அடைத்தார். ஐஸ் பெட்டியின் கம்பிக் கையை மேலே தூக்கி நிறுத்தினார். வால்வுக்கு வரும் குழாயையும் அதிலிருந்து போகும் குழாயையும் கழற்றி வடித்தார். குறைந்த அழுத்தத்தில் காற்றை ஊதினார். தட்டிலிருந்த கட்டிகளைக் கொட்டிப் பெட்டியைத் துடைத்துக் கதவைச் சற்றே திறந்து வைத்தார். அந்தக் கிளைக்குள் திரவம் எதையும் விடவில்லை. ஐஸில் அதன் சுவை ஒட்டிக்கொள்ளும் என்றார். அரை மணி நேர வேலை.

அவர் கொட்டிய கட்டிகள் புல்லின் மேல் கரையாமல் கிடந்தன. அவற்றைப் பார்த்தபோது, ஒரு காலத்தில் இந்தக் கட்டிக்காக மனிதர் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

பொஸ்டன் நகரத்து பிரெடெரிக் ரியூடர் 1806 இல் தமது ஊர்க் குளத்து ஐஸை மேற்கிந்தியத் தீவான மார்ட்டினிக்குக்குக் கப்பலேற்றியபோது ஊரார் சிரித்தனர். முதற் பயணம் நட்டத்தில் முடிந்தது. பின்னர் கடனுக்காகச் சிறையும் சென்றார். ஆயினும் விடவில்லை. மரத்தூளிட்டுப் பொதிந்தால் ஐஸ் நீண்டநாள் தாங்கும் என்று கண்டார். 1833 மே மாதம் பொஸ்டனை விட்டுப் புறப்பட்ட ரஸ்கனி என்னும் கப்பல் 180 தொன் ஐஸுடன் நான்கு மாதம் கடலோடி, செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தது. ஏறத்தாழ 100 தொன் கரையாமல் எஞ்சியிருந்தது.

சென்னைக் கடற்கரையில் 1842 இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் இந்த வணிகத்தின் சின்னமே. தோரோ வாழ்ந்த வால்டன் குளத்திலும் ரியூடரின் ஆட்கள் 1846–47 குளிர்காலத்தில் பனி வெட்டினர். தமது நூலில் அதனை விபரித்த தோரோ சென்னையின் பெயரையும் குறிப்பிட்டுள்ளார். வணிகம் மடிந்தபின் அக்கட்டடம் கைமாறியது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உரையாற்றிவிட்டு 1897 பெப்ரவரியில் சென்னை சென்ற சுவாமி விவேகானந்தர் தங்கியது இங்குதான். இன்று அது விவேகானந்தர் இல்லம். அந்தச் சுற்றாடலுக்கு மட்டும் ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கப்பல் ஐஸ் காசுள்ளவர்களின் பானத்தில் மிதந்தது. அதை நோயாளிக்கெனக் கேட்டவர் டொக்டர் ஜோன் கொரி. அமெரிக்காவின் தென்கோடியான புளோரிடாவில் அப்பலாச்சிக்கோலா என்னும் துறைமுக ஊரின் மருத்துவர். காய்ச்சலில் கிடந்தோரின் அறைகளைக் குளிர்விக்க, கூரையில் பாத்திரம் தொங்கவிட்டு அதில் ஐஸ் இட்டார். கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று அவர் எண்ணியது பிழை. நுளம்பின் பங்கு வெகுகாலம் பின்னரே தெரியவந்தது. ஆனால் வடக்கிலிருந்து கப்பல் வந்தால்தான் ஐஸ் என்ற நிலையை அவரால் பொறுக்க இயலவில்லை. அழுத்தப்பட்ட காற்றை நீரால் ஆற்றி, பின் விரியவிட்டால் அது குளிரும் என்ற விதியைக் கொண்டு இயந்திரம் அமைத்து, 1851 இல் காப்புரிமை பெற்றார். வடபுலப் பத்திரிகைகள் அவரை எள்ளி நகையாடின. முதலீடு செய்ய வந்தவர் இறந்துபோக, இயந்திரம் சந்தைக்கு வரவில்லை. 1855 இல், 51 வயதில், கொரி மனமுடைந்து மாண்டார். 1914 இல் புளோரிடா மாநிலம் அமெரிக்க நாடாளுமன்ற மண்டபத்தில் அவருக்குச் சிலை வைத்தது.

அவர் இறந்து ஆறாண்டில் அமெரிக்க உள்நாட்டு யுத்தம் மூண்டது. வடக்கின் ஐஸ் தெற்கிற்கு வருவது நின்றது. பிரான்ஸ் நாட்டு பெர்டினான் காரே 1859 இல் உருவாக்கிய அமோனியா இயந்திரங்கள் கடல் முற்றுகையை மீறித் தெற்கிற்குக் கடத்திச் செல்லப்பட்டன. தடை என்றால் என்னவென்று அறிந்த எமக்கு இச்செய்தி வெறும் வரலாறன்று.

காரேயின் வழியில் வந்ததே மருமகனின் பெட்டியும். சுவீடன் நாட்டு மாணவர்கள் இருவர், பொன் பிளாட்டன், முன்ரெர்ஸ் என்போர், 1922 இல் மோட்டரே இல்லாத குளிர்சாதனப் பெட்டியை வடிவமைத்தனர். கீழே ஒரு சிறு சுடர் எரியும். அந்தச் சூடு அமோனியாவை நீரிலிருந்து பிரித்தெடுத்துச் சுற்றவிட, மேலே குளிரும். எலெக்ட்ரொலக்ஸ் நிறுவனம் 1925 முதல் அதனை விற்றது. அமெரிக்காவில் அதே முறையில் பெட்டி செய்த சேர்வெல் நிறுவனம் 1953 இல் தானியங்கி ஐஸ் கருவியை அறிமுகம் செய்தது. மின்கம்பி எட்டாத இடங்களுக்கு ஏற்றது என்பதால் வீட்டு வாகனங்கள் இம்முறையை வரித்துக்கொண்டன. அண்மைக் காலத்தில் மின்கலத்தில் ஓடும் அமுக்கிப் பெட்டிகளும் வந்துவிட்டன. மருமகனுடையது பழைய சுடர் வகை.

அந்தச் சுடரை நான் முன்பே கண்டிருக்கிறேன். எமது ஊர் மருந்தகத்தில் மண்ணெண்ணெயில் எரியும் குளிர்சாதனப் பெட்டி ஒன்று இருந்தது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளுக்குத் தடை வந்தது. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில், யானை விலையில் விற்கப்பட்டது. மருந்தகத்துச் சுடரும் ஒருநாள் அணைந்தது. என் தமக்கைக்கு நீரிழிவு. இன்சுலின் குப்பிகளை ஒரு சிறு முட்டியில் இட்டு, அதைப் பெரிய பானையின் ஈரமணலில் புதைத்து, நனைந்த சாக்கால் மூடி வைத்தோம். மணல் காயாமல் இருக்கும்வரை முட்டி குளிர்ந்திருக்கும். காய்ந்தால் மருந்து பழுதாகும். அந்த வெயிலில் இரவும் பகலும் மணலைக் காவல் காத்தோம். ஓர் ஐஸ் கட்டி கிடைத்திருந்தால் அன்று அது பொன்.

பானைக் கதையை மருமகனிடம் சொன்னேன். அப்போது அவருக்கு எட்டு வயது. நினைவிருக்காது என்று எண்ணினேன். அவர் தகட்டைப் பூட்டி, அதன்மேல் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, "ஐஸ் குழாய், மறக்காதே" என்று தமிழில் எழுதினார். பிறகு கையைத் துடைத்தபடி சொன்னார்:

"மணலுக்குத் தண்ணி ஊத்திறது என்ரை வேலைதானே, மாமா. பள்ளிக்கூடத்தாலை வந்த உடனை முதல் அதைத்தான் பாக்கிறனான்."