கோலும் கரையும்: அந்தமான் தீவுகளின் பரப்பளவு கணிக்கப்பட்ட வரலாறு

செவ்வகம், முக்கோணம், வட்டம் முதலிய அடிப்படை உருவங்கள் ஒன்றோடொன்று இணைந்தோ, ஒன்றிலிருந்து ஒன்று வெட்டப்பட்டோ அமையும் வடிவத்தைக் கணிதத்தில் கூட்டு உருவம் என்பர். அதற்கெனத் தனி வாய்பாடு கிடையாது. தெரிந்த உருவங்களாகப் பிரித்துக் கூட்டுவதும், அதனை உள்ளடக்கும் பெரிய உருவத்தின் பரப்பிலிருந்து மிகுதியைக் கழிப்பதுமே வழக்கமான வழிகளாகும். எங்கே வெட்டுவது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்னும் முடிவுகள் பள்ளிக் கணக்கில் படத்திலேயே அடங்கிவிடுகின்றன. கடல் சூழ்ந்த நிலத்திலோ அவற்றை அளப்பவரே எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பரப்பளவு கணிக்கப்பட்ட வரலாறு, பெரும்பாலும் அம்முடிவுகளின் வரலாறே ஆகும்.

தமிழகத்தின் பழைய நில அளவை இத்தகைய சிக்கலை அதிகம் சந்தித்ததில்லை. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட சதுரம் குழி எனப்பட்டது. குழிகள் பல சேர்ந்து ஒரு மாவும், 20 மா சேர்ந்து ஒரு வேலியும் ஆயின. ஒரு மாவுக்கு எத்தனை குழி என்பது காலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப வேறுபட்டபோதிலும், முதலாம் இராசராசன் காலத்து நில அளவையில் வேலியின் மிக நுண்ணிய பின்னங்கள்வரை கணக்கிடப்பட்டதைத் தஞ்சைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம், சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கி வட்டத்தின் பரப்பைக் காணும் விதியைத் தருகிறது. இம்முறைகள் எல்லாம் வரப்பை நம்பியவை; அக்கம்பக்கத்தார் ஒப்புக்கொண்ட வரப்பு நிலைத்து நிற்கும்வரை, வயலைத் துண்டுகளாக்கிக் கூட்டுவதில் தடுமாற்றத்துக்கு இடமில்லை.

அந்தமானில் வரப்பு இல்லை; கரையே எல்லை. அங்கு 1788-89-இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் மேற்கொண்ட ஆய்வு, கப்பல்கள் ஒதுங்கத் தக்க துறைமுகங்களைத் தேடியதேயன்றி, நிலத்தின் பரப்பைக் கணிக்க முற்பட்டதன்று. 1789-இல் சாத்தம் தீவில் தொடங்கிய குடியிருப்பு வட அந்தமானுக்கு மாற்றப்பட்டு, நோயும் சாவும் மிகுந்ததால் 1796-இல் கைவிடப்பட்டது. 1858-இல் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டு, அதற்குக் கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே, 1883 முதல் 1886 வரை, ஹாப்டே தலைமையிலான இந்திய நில அளவைக் குழு அந்தமான் தீவுகளை முறையாக வரைபடமாக்கியது. நிக்கோபார் தீவுகள் அதனைத் தொடர்ந்து அளக்கப்பட்டன.

அக்குழு எதிர்கொண்ட நிலமே ஒரு கூட்டு உருவமாக இருந்தது. பெரிய அந்தமான் என ஒரே பெயரால் வழங்குவது வட அந்தமான், நடு அந்தமான், பாராடாங், தென் அந்தமான், ரட்லண்ட் ஆகிய ஐந்து தீவுகளின் தொகுதி. ஆஸ்டின், ஹோம்ஃப்ரே, மேக்பெர்சன் முதலிய குறுகிய நீரிணைகள் அவற்றைப் பிரிக்கின்றன. அந்தமான் தொகுதியின் மிகுநீளம் 219 மைல், மிகு அகலம் 32 மைல் என்றும், நிலப்பரப்பு 2,508 சதுர மைல் என்றும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கக் கால நூல்கள் குறிக்கின்றன. அந்நீள அகலங்களைக் கொண்ட செவ்வகத்தின் பரப்பு 7,008 சதுர மைல் ஆகையால், அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது மட்டுமே நிலம். எஞ்சியது கழிக்கப்பட வேண்டிய கடல்.

அக்கால நில அளவையில், வளைந்த எல்லையின் அருகே நேரான அடிக்கோடு ஒன்றை இட்டு, அதிலிருந்து எல்லைவரை செங்குத்தளவுகள் எடுத்து, இடைப்பட்ட துண்டுகளைச் சரிவகங்களாகக் கருதி, இணைபக்கங்களின் கூடுதலில் பாதியை அவற்றின் இடைத்தொலைவால் பெருக்குவது வழக்கம். ஓரத்தைச் சுற்றி முனையை நகர்த்தினாலே படத்தின் பரப்பைக் காட்டும் பிளானிமீட்டர் என்னும் கருவியை சுவிட்சர்லாந்தின் யாக்கோப் ஆம்ஸ்லர் 1854-இல் உருவாக்கியிருந்தார். ஆயினும் ஓரம் எது என்பதை எக்கருவியும் சொல்லாது. ஓதம் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது தலைகாட்டும் அலையாத்திக் காடு நிலமா நீரா, அதனூடே ஓடும் கழியைக் கழிக்க வேண்டுமா என்பவை அளப்பவர் தீர்க்க வேண்டியவை. மேட்டு நிலத்திலும் இத்தகைய முடிவு உண்டு: பரப்பு கிடைமட்டத் தளத்தில் கணிக்கப்படுவதால், 30 பாகைச் சரிவில் 100 மீட்டர் நீளமுள்ள நிலம் படத்தில் ஏறத்தாழ 87 மீட்டராகவே பதிவாகும். 1949 முதல் குடியேற்றப்பட்ட கிழக்கு வங்க அகதிகளுக்குச் சமவெளி நெல்வயலோடு மேட்டு நிலமும் வழங்கப்பட்டதால், இவ்வேறுபாடு உழுபவரின் கணக்கிலும் இடம்பெற்றது.

பழைய நூல்களின் 2,508 சதுர மைல் ஏறத்தாழ 6,496 சதுர கிலோமீட்டராகும்; இன்றைய அரசுக் கணக்கில் அந்தமானின் பரப்பு 6,408. நிக்கோபாரிலோ பழைய 635 சதுர மைல், அதாவது ஏறத்தாழ 1,645 சதுர கிலோமீட்டர், இன்று 1,841 என நிற்கிறது. ஒன்றில் குறைவும் மற்றொன்றில் மிகுதியுமாக நேர்ந்த இவ்வேறுபாடு, கூட்டு உருவத்தின் பரப்பு அளக்கும் முறையோடு பிணைந்தது என்பதற்குச் சான்றாகிறது.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் அவ்வுருவமே மாறியது. வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து பவளப் பாறைகள் நீருக்கு மேலே வந்தன. தெற்கே இந்திரா முனையின் கலங்கரை விளக்கம் நின்ற நிலம் ஏறத்தாழ 4.25 மீட்டர் தாழ்ந்தது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவும் தாழ்ந்து, அதன் கரையோர நிலம் கடலுக்குள் போயிற்று. டிரிங்கெட் தீவு துண்டுபட்டது. வடக்கே கூட்டலும் தெற்கே கழித்தலுமாக இத்தனையும் நிகழ்ந்த பின்னரும், ஒன்றியப் பகுதியின் பரப்பு 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்தவாறே 2011-இலும் 8,249 சதுர கிலோமீட்டர் என்றே அச்சிடப்பட்டது.