காணியும் கடிதமும்: ஒக்லகோமா எல்லைப்புறத்தில் தனித்துக் குடியேறிய பெண்ணொருவருக்கு வந்த திருமண வேண்டுகோள்கள்

வரலாற்று மூலங்களுள் தனிமனிதர் கடிதங்களுக்குத் தனியான ஓரிடம் உண்டு. அரசாணைகளும் பதிவேடுகளும் ஒரு சமுதாயம் தன்னை எவ்வாறு ஒழுங்குபடுத்திக்கொண்டது என்பதைக் காட்டுவன. கடிதங்களோ அவ்வொழுங்கினுள் வாழ்ந்த மாந்தர் எதனை விழைந்தனர், எதனை மறைத்தனர் என்பதைப் புலப்படுத்துவன. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தில் தமது பெயரிற் காணி பெற்ற தனிப் பெண்டிருக்கு, முன்பின் அறியாத ஆடவர் எழுதிய திருமண வேண்டுகோட் கடிதங்கள் இவ்வகையில் நோக்கற்பாலன. இவற்றை வேடிக்கைச் செய்திகளாகக் கொண்டு கடந்து செல்வதே பெருவழக்கு. அவற்றின் பின்னணியில் நின்ற காணிச் சட்டத்தோடு இணைத்து நோக்கும்பொழுது, அவை அக்காலச் சமூகப் பொருளாதார உறவுகளின் நேரடிச் சான்றுகளாக மாறுகின்றன. 1901ஆம் ஆண்டு ஒக்லகோமாவில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை மையமாகக் கொண்டு இதனை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

சட்டமும் பெண்டிரும்

1862 மே 20ஆந் திகதி ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட குடியேற்றக் காணிச் சட்டம், 1863 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வயது நிரம்பியவர், அல்லது வயது எதுவாயினும் ஒரு குடும்பத்தின் தலைமையை ஏற்றவர், 160 ஏக்கர் பொதுக் காணியைத் தம் பெயரிற் பதிவு செய்யலாம். ஐந்தாண்டு அங்கு உறைந்து, வீடு கட்டி, நிலத்தைப் பண்படுத்தியமையைச் சாட்சிகளுடன் நிறுவினால் உரிமைப் பத்திரம் கிடைக்கும். ஐந்தாண்டு காத்திருக்க இயலாதவர் ஏக்கருக்கு 1.25 டொலர் செலுத்தி முன்னரே உரிமை பெறும் வழியும் இருந்தது.

இச்சட்டம் ஆண், பெண் எனப் பிரித்துக் கூறவில்லை. மணமாகாதவர், கைம்பெண், மணவிலக்குப் பெற்றவர் ஆகிய யாவரும் காணி கோரலாம். கணவனோடு வாழும் பெண்ணுக்கோ அவ்வுரிமை இல்லை. குடும்பத்தின் தலைவன் கணவனே எனச் சட்டம் கொண்டது. எனவே பெண்ணொருத்தி காணிக்கு உரியவளாவதும் ஆகாது போவதும் அவளது மண நிலையைப் பொறுத்தனவாயின. எமது ஆய்வுக்கு இவ்விதியே அச்சாணி போன்றது.

இவ்வாய்ப்பைப் பெண்டிர் எந்த அளவுக்குப் பயன்படுத்தினர்? கொலராடோவிலும் வயோமிங்கிலும் இருந்த இரு காணி அலுவலகங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 1976இல் வெளிவந்த கட்டுரையொன்று, பதிவு செய்தோருள் ஏறத்தாழ 12 வீதத்தினர் பெண்டிர் எனக் காட்டிற்று. பதிவு செய்த பெண்டிருள் 42 வீதத்தினர் இறுதி உரிமை பெற்றனர். ஆடவருள் அவ்வாறு பெற்றோர் 37 வீதத்தினரே. எல்லைப்புறம் ஆடவர்க்கே உரிய களம் என்ற கருத்தை இவ்வெண்கள் ஐயத்துக்குள்ளாக்கின.

1901ஆம் ஆண்டுச் சீட்டிழுப்பு

ஒக்லகோமாவில் 1889இலும் 1893இலும் காணி திறந்துவிடப்பட்டபொழுது, குறித்த நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டதும் மக்கள் குதிரைகளிலும் வண்டிகளிலும் ஓடி இடம் பிடித்தனர். அம்முறை பூசலுக்கும் மோசடிக்கும் நெடிய வழக்குகளுக்கும் இடமளித்தமையால், 1901இல் கயோவா, கொமாஞ்சி, அப்பாச்சி மக்களின் ஒதுக்கு நிலம் திறக்கப்பட்டபொழுது சீட்டிழுப்பு முறை கையாளப்பட்டது. யூலை மாதத்தில் எல் ரீனோ, ஃபோர்ட் சில் ஆகிய இடங்களில் 1,60,000க்கும் மேற்பட்டோர் தம் பெயரைப் பதிந்தனர். பகிரப்பட இருந்த காணித் துண்டுகள் ஏறத்தாழ 13,000 மாத்திரமே. பன்னிருவர்க்கு ஒருவர் என்ற அளவிலேயே காணி கிடைக்கக்கூடியதாயிருந்தது.

யூலை 29ஆந் திகதி எல் ரீனோவில் பெருங்கூட்டத்தின் முன்னிலையிற் பெயர்கள் எடுக்கப்பட்டன. லோட்டன் மாவட்டத்துக்கு முதலில் வந்த பெயர் ஜேம்ஸ் வூட் என்பவருடையது. இரண்டாவதாக வந்தது மற்றி பீல் என்ற இளம்பெண்ணின் பெயர். கன்சாஸ் மாநிலத்தின் விச்சிற்றா நகரில் தொலைபேசி இணைப்பாளராகத் தொழில் பார்த்த அவர் இருபதுகளின் முற்பகுதியில் இருந்தார், மணமாகாதவர். பெயர்களோடு அவற்றுக்குரியோரின் உடலடையாளங்களும் அறிவிக்கப்பட்டன. அதனைக் கேட்ட கூட்டத்தினர், முதலிருவரும் தம்முள் மணம் செய்துகொள்ள வேண்டுமென ஆரவாரித்தனர் எனக் கூறப்படுகிறது. பெயர் எடுக்கப்பட்ட சில நொடிகளுள்ளேயே அப்பெண்ணின் காணி அவரது திருமணத்தோடு பிணைக்கப்பட்டுவிட்டது.

செய்தித்தாள்கள் இச்செய்தியை நாடெங்கும் பரப்பின. அதனைத் தொடர்ந்து மற்றி பீலுக்குத் திருமண வேண்டுகோட் கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றின் தொகை ஐந்நூறுக்கு மேற்பட்டது என்பது லோட்டன் நகரில் வழங்கிவரும் செய்தி. எண்ணிக்கை சற்றுக் கூடினும் குறையினும் ஓர் உண்மை மாறாது. எழுதியோருட் பெரும்பாலார் அவரைக் கண்டறியாதவர். அவர்கள் அறிந்திருந்தவை ஒரு பெயர், சில அடையாளங்கள், ‘இரண்டு’ என்ற எண் ஆகியவை மட்டுமே.

கடிதங்களின் பொருளியல்

அந்த எண்ணின் பெறுமதியை நாம் உணர்தல் வேண்டும். சீட்டில் முதலில் வந்தவர் முதலிற் காணியைத் தெரிவு செய்வர். லோட்டன் நகரம் 1901 ஓகத்து 6ஆந் திகதி உருவாகவிருந்தது. நகர மனைகள் ஏலத்தில் விற்கப்படவிருந்தன. நகருக்கு அணித்தான 160 ஏக்கர், சில ஆண்டுகளில் மனைகளாகப் பிரித்து விற்கக்கூடிய பெருஞ்செல்வமாகும். முதலிடம் பெற்ற வூட், நகர எல்லையை ஒட்டி நீண்டு கிடந்த துண்டைத் தெரிவு செய்து, பேராசைக்காரர் என்ற வசையைப் பெற்றார். இரண்டாமிடம் பெற்றவருக்கும் நகரின் அயலிலேயே காணி கிடைத்தது.

சீட்டிழுப்பில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் வெறுங்கையராயினர் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். காணி பெறும் முதற் கதவு அவர்களுக்கு அடைபட்டுவிட்டது. காணி பெற்ற பெண்ணொருத்தியை மணத்தல் இரண்டாவது கதவாகத் தோன்றியிருக்கலாம் எனக் கொள்வது பொருத்தமானதே. எழுதிய அனைவரும் நிலத்தையே விழைந்தனர் என நாம் கூறவில்லை. ஆடவர் தொகை மிகுந்த எல்லைப்புறத்தில் துணையின்மை உண்மையான துன்பமாகவே இருந்தது. 1910ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி வயோமிங்கில் 100 பெண்டிருக்கு 160க்கும் மேற்பட்ட ஆடவர் இருந்தனர். கடிதம் வழியே துணை தேடுதலும் அன்று புதுமையன்று. மணத்துணை விளம்பரங்களுக்கெனவே 1870களிலிருந்து பத்திரிகைகள் வெளிவந்தன. எனினும் தனிமையும் நில வேட்கையும் ஒரே கடிதத்தினுள் பிரிக்கவொண்ணாதவாறு கலந்திருந்தமையே இக்கடிதங்களின் சிறப்பியல்பு எனலாம்.

இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. மணமான பெண் புதிதாகத் தன் பெயரிற் காணி பதிய இயலாது என்பதை முன்னர்க் கண்டோம். எனவே சீட்டில் வென்ற பெண், காணி அலுவலகத்திற் பதிவு செய்யுமுன் மணம் புரிந்தால், எதன் பொருட்டு அவளுக்குக் கடிதம் எழுதினரோ அதனையே இழக்க நேரிடும். பதிவு செய்தபின் மணப்பவள், தன் காணியிலேயே தொடர்ந்து வதிந்தால் உரிமை பெறலாம். ஆயின் கணவனும் வேறொரு காணிக்குப் பதிவு செய்தவனாயின் இடர்ப்பாடு எழும். கணவனும் மனைவியும் ஒரு குடும்பமாதலால் அவர்களுக்கு ஓர் உறைவிடமே இருக்கலாம் என்பது காணித் திணைக்களத்தின் நிலைப்பாடு. ஆகவே இரு காணிகளுள் ஒன்றைக் கைவிட வேண்டிவரும். மணத்துக்கு முன் இருவரும் தத்தம் காணியில் ஓராண்டேனும் விதிகளை நிறைவேற்றியிருந்தால் இருவரது உரிமையும் நிலைக்கும் என்ற சலுகை 1914ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. அதுவரை, ‘எப்பொழுது மணப்பது’ என்ற வினா உள்ளம் சார்ந்ததாக மாத்திரமன்றிச் சட்டம் சார்ந்ததாகவும் இருந்தது.

மற்றி பீல் அக்கடிதங்களின் வழி தம் வாழ்வை அமைத்துக்கொள்ளவில்லை. தம் காணியைத் தம் பெயரிலேயே பதிவு செய்து லோட்டனிற் குடியேறினார். பின்னர் அவர் மணந்துகொண்டவர் அந்நகரில் மரவணிகம் செய்த சார்ள்ஸ் பேய்ன் என்பவர். காணி மனைகளாகப் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டது. பூங்காவுக்கும் பாடசாலைக்கும் தேவாலயத்துக்கும் அவர் நிலம் வழங்கினார். அவர் கட்டுவித்த பெருமனை இன்றும் லோட்டனில் வரலாற்றுச் சின்னமாகப் பேணப்படுகிறது. தெரிவு செய்யப்படும் நிலையிலிருந்து தெரிவு செய்யும் நிலைக்கு ஒரு தொழிலாளப் பெண்ணை உயர்த்தியது அந்த 160 ஏக்கரே என்பதில் ஐயமில்லை.

இரு ஒப்பீடுகள்

இந்நிகழ்ச்சியை வேறிரு பெண்டிரின் வரலாற்றோடு ஒப்பிடுதல் பயன்தரும். கல்லூரிப் பட்டதாரியான கரோலைன், 1907இல் ஒக்லகோமாவின் மேற்குக் கோடியிலே தனித்துக் காணி பதிந்து ஆசிரியத் தொழிலும் புரிந்தார். அவரது காணியிற் கிணறு தோண்ட வந்த குழுவைச் சேர்ந்த வில் ஹென்டர்சனை 1908இல் மணந்தார். 1930களின் புழுதிப் புயற் காலத்தில் அவர் எழுதிய கடிதங்கள் அத்லாந்திக் சஞ்சிகையில் வெளிவந்து புகழ்பெற்றன. இங்கு உறவை ஏற்படுத்தியது கடிதமன்று, கூட்டுழைப்பாகும்.

மற்றையவர் எலினோர் புருவிற் ஸ்ருவேட். டென்வர் நகரிற் சலவைத் தொழிலும் வீட்டு வேலையும் செய்து மகளை வளர்த்த இவர், 1909இல் கிளைட் ஸ்ருவேட் என்ற பண்ணையாளருக்கு வீட்டுப் பணிப்பெண்ணாக வயோமிங் சென்றார். அவரது காணிக்கு அடுத்த காணியைத் தம் பெயரிற் பதிந்து, சில நாட்களுள் அவரையே மணந்தார். பண்ணை வேலை மிகுதியால் மணம் முந்திக்கொண்டது, காதல் பிந்தி வந்தது என அவர் நகைச்சுவையாக எழுதியுள்ளார். தம் முன்னாள் எசமானிக்கு எழுதிய கடிதங்களில் இத்திருமணத்தைச் சில காலம் மறைத்தே வைத்திருந்தார். அக்கடிதங்கள் 1914இல் நூலாக வெளிவந்து, தனித்துக் காணி வென்ற பெண்ணின் சின்னமாக அவரை ஆக்கின. ஆயின் 1991இல் வெளிவந்த ஆய்வொன்று, அவர் 1912இலேயே தம் காணியுரிமையைக் கைவிட்டார் என்பதையும், அது கணவரின் தாயார் பெயருக்கு மாறியது என்பதையும் பதிவேடுகள் கொண்டு நிறுவிற்று. கணவன் மனைவியர்க்கு ஓர் உறைவிடமே என்ற விதி இங்கு தன் பலத்தைக் காட்டியது. கடிதங்கள் கூறுவதனைப் பதிவேடுகளோடு ஒத்துநோக்காது ஏற்றல் தகாது என்பதற்கு இது தக்க சான்று.

கடிதங்கள் பேசாத பொருள்

இக்கடிதங்கள் அனைத்தும் ஒரு பொருள் பற்றி மௌனம் சாதிப்பன. அப்பெண்டிர் பெற்ற காணி யாருடையது? 1892இல் ஜெரோம் ஆணைக்குழு கயோவா, கொமாஞ்சி, அப்பாச்சி மக்களோடு செய்த உடன்படிக்கையை 1900ஆம் ஆண்டிற் கொங்கிரஸ் நிறைவேற்றியது. 1867ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி நிலத்தைக் கையளிக்க வயதுவந்த ஆடவருள் நான்கில் மூன்று பங்கினரின் சம்மதம் வேண்டும். அது பெறப்படவில்லை எனக் கயோவாத் தலைவர் லோன் வுல்ஃப் வழக்காடினார். வழக்கு முடியுமுன்னரே சீட்டிழுப்பு நடந்தேறியது. 1903 சனவரியில் உயர் நீதிமன்றம், அத்தகைய உடன்படிக்கைகளை மீறும் அதிகாரம் கொங்கிரசுக்கு உண்டு எனத் தீர்த்தது. தொழிலாளப் பெண்ணொருத்திக்கு விடுதலை அளித்த அதே காணி, இன்னொரு மக்கட் கூட்டத்தின் இழப்பிலிருந்து பிறந்தது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துக் காண்பதே வரலாற்று நோக்காகும்.

பெண்ணையும் மண்ணையும் ஒருசேர வைத்து நோக்கும் மரபு எமது இலக்கியத்துக்கும் புதியதன்று. மகள் வேண்டி வந்த வேந்தர்க்கு மறுத்தமையால் ஊர் பாழாகும் எனப் புலவர் இரங்கும் மகட்பாற் காஞ்சித் துறையை நாம் அறிவோம். அங்கு மகட்கொடையை மறுப்பவர் தந்தையும் தமையன்மாருமே. பெண்ணின் குரல் கேட்பதில்லை. லோட்டனில் மறுத்தவள் பெண். மறுக்கும் வலிமையை அவளுக்கு அளித்தது அவள் பெயரில் இருந்த காணி.

முடிவாக, மற்றி பீலுக்கு வந்த நூற்றுக்கணக்கான கடிதங்களை நாம் காதற் கடிதங்கள் என்ற தலைப்பின்கீழ் மட்டும் அடக்கிவிடல் இயலாது. அவை நிலமற்ற ஆடவரின் விண்ணப்பங்கள், தனித்தோரின் முறையீடுகள், பெண்ணின் பெயரில் நிலம் இருக்கும்பொழுது மண உறவின் விதிகளே மாறுகின்றன என்பதற்கான ஒப்புதல்கள். சொத்துடைமை பெண்ணுக்குத் தருவது செல்வத்தை மாத்திரமன்று. ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு மறுமொழி எழுதாதிருக்கும் உரிமையையுமாம். அவ்வுரிமையை எவர் பெற்றனர், எவர் எதனை இழந்தமையால் அது கிடைத்தது என்னும் இரு வினாக்களையும் சேர்த்தே எழுப்புதல் எல்லைப்புற வரலாற்றை ஆராய்வோரின் கடனாகும்.